தேதி கேட்கும் இயந்திரம்

ஜனவரி 27, 2004. செவ்வாய்

அம்மாவுக்கு இன்றும் கரண்ட் வைக்கவில்லை.

கரண்ட் என்று இந்த ஆஸ்பத்திரியில் எல்லோரும் சொல்வது மின்சாரத்தை அல்ல, கதிரை. தடித்த சுவர் எழுப்பிய அறையில் படுக்கவைத்துக் கதவைச் சாத்திவிட்டு, கட்டி இருக்கும் இடத்தில் கொஞ்ச நேரம் கதிரைக் காட்டுவார்கள். யாருக்கு எவ்வளவு நேரம் என்பதைப் பக்கத்து அறையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுச் சீட்டில் அடித்துத் தரும். டிசம்பரில் கரண்ட் மிஷினுக்குப் புது சோர்ஸ் மாற்றினார்கள். சோர்ஸ் என்றால் உள்ளே இருந்து கதிர் விடும் உலோகத் துண்டு. அதற்காக எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டபோது கம்ப்யூட்டர் மட்டும் எழுந்திருக்கவில்லை. கையால் கணக்குப் போடத் தெரிந்தவர் கதிரை அளந்து பார்க்கும் பிசிக்ஸ் சார் ஒருவர்தான். அவர் மஞ்சள்காமாலை வந்து நாகர்கோவிலில் படுத்திருக்கிறார்.

தொண்டைக் கட்டி காத்திருக்காது என்று எமரால்டு டாக்டரம்மா சொன்னார். அம்மா தூங்கும்போது என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னார். நான் தலையாட்டினேன்.

அம்மா வார்டு முழுவதும் பேசிக்கொண்டிருக்கிறாள். குரல்தான் கரகரத்துவிட்டது, பேச்சு குறையவில்லை. பக்கத்துக் கட்டில் ஆவுடையம்மாள் அத்தையிடம் என்னைக் காட்டி, "எம்மவ வாயத் தொறந்தா முத்து உதிர்ந்திரும்னு பொத்தி வச்சிருக்கா" என்றாள். அத்தை சிரிக்கப் பார்த்து, தொண்டை வலித்துக் கையால் பிடித்துக்கொண்டார். அவருக்கு டிசம்பருக்கு முன்பே பாதிக் கரண்ட் முடிந்துவிட்டது. உள்ளெல்லாம் வெந்து, கஞ்சித் தண்ணீர்கூட இறங்கவில்லை. கரண்ட் பிடித்து வேலை செய்தால் அப்படித்தான் ஆகுமாம்.

இரண்டு சேலை, ஒரு போர்வை துவைத்தேன்.

ஜனவரி 29, வியாழன்

சென்னையிலிருந்து கம்ப்யூட்டரைப் பார்க்க ரெஹானா மேடம் வந்திருக்கிறார். நாற்பது வயது இருக்கும். தோளில் ஒரு பை, கையில் டேப்புச் சுருள்கள் அடுக்கிய அட்டைப் பெட்டி. பெட்டியை யாரையும் தொட விடவில்லை.

மத்தியானம் ஞானதுரை அண்ணாச்சி வார்டுக்கு வந்து என்னைக் கூப்பிட்டார். கரண்ட் வைக்கும் டெக்னீஷியன் அவர்தான். மேடத்துக்குக் கூட ஒரு கை வேண்டுமாம். அவருக்கு அந்தப் பெட்டியைத் தொடவே பயமாம். "நீ பீடி சுத்துத பிள்ளதான, விரலு நிதானமா இருக்கும், வா" என்றார். அம்மா நான் பதில் சொல்வதற்கு முன்பே, கூட்டிட்டுப் போங்க என்று சொல்லிவிட்டாள்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். குளிர்ந்த அறை. பீரோ உயரத்துக்கு இரண்டு பெட்டிகள். ஒன்றில் டேப்புச் சுருள் சுற்றும் சக்கரங்கள். இன்னொன்றின் நெற்றியில் வரிசையாகச் சின்னச் சின்ன சுவிட்சுகள், மேலே சிவப்புப் பொட்டு விளக்குகள். திரை அறையின் மறு கோடியில் இருக்கிறது. மேடம் திரைக்கு முன்னால் உட்கார்ந்து எண்களைச் சொல்வார், நான் சுவிட்சுகளை மேலும் கீழும் தள்ளி அந்த எண்ணை வைக்க வேண்டும். மூன்று சுவிட்சுக்கு ஒரு எண், பூஜ்யத்திலிருந்து ஏழு வரை. எட்டும் ஒன்பதும் அதற்குத் தெரியாது. முதல் தடவை மெதுவாகச் சொன்னார். மூன்றாம் தடவை வேகமாகச் சொன்னார்.

பேர் கேட்டார். சொன்னேன், அவருக்குக் கேட்கவில்லை. அண்ணாச்சிதான், முப்பிடாதி என்றார்.

நான் பேசவே தேவையில்லாத வேலை.

ஜனவரி 30, வெள்ளி

டிஸ்க் போய்விட்டது. தோசைக்கல்லை அடுக்கியது போல ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் தட்டுகள். மேல் தட்டில் வட்டமாக ஒரு கீறல். மின்சாரம் துள்ளியபோது, படிக்கும் முள் தட்டில் விழுந்து உரசியிருக்கிறது. முள்ளும் தட்டும் சென்னையில் ஒரே ஒருவரிடம் இருக்கின்றன, பார்சலில் வர வேண்டும். அதற்குப் பிறகு கம்ப்யூட்டரை எழுப்பும் சிஸ்டத்தை டேப்பிலிருந்து புதுத் தட்டுக்கு ஏற்ற வேண்டும். அதற்குப் பிறகு கரண்ட் கணக்கு.

அம்மா கண்ணாடியில் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே வந்ததும் கண்ணாடியைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 2, திங்கள்

பார்சல் வந்தது. தட்டைத் தயார் செய்யவே பகல் முழுவதும் போய்விட்டது. டேப்பு பாதி ஓடியதும் நிற்கிறது. எடுத்துப் பார்த்தால் படிக்கும் தலையில் காப்பித் தூள் போல ஒட்டியிருக்கிறது. டேப்பின் பூச்சுதான் உதிர்கிறதாம். ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன்.

பிப்ரவரி 4, புதன்

அதே இடத்தில் நின்றது. மறுபடி முதலிலிருந்து.

பிப்ரவரி 5, வியாழன்

காலையில் மேடம் என்னிடம், டேப்பை இன்னும் இரண்டு தடவை ஓட்டினால் பூச்சு முழுவதும் போய்விடும் என்றார். வேறு பிரதி இல்லை. அண்ணாச்சி கதவருகில் நின்று ஜெபம் செய்துகொண்டிருந்தார்.

டேப்பை விறைப்பாகப் பிடிக்கும் ஒரு இரும்புக் கை இருக்கிறது. அதன் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. டேப்பு தொய்யும் இடத்தில்தான் படிப்பு நிற்கிறது என்று மேடம் கண்டுபிடித்தார். அந்தக் கையை நான் விரலால் தாங்க வேண்டும். அழுத்தினால் டேப்பு அறுந்துவிடும், விட்டால் தொய்ந்துவிடும். பீடி இலையில் தூளை வைத்துச் சுருட்டும்போது இருக்கும் அழுத்தம்தான். ஆனால் இலை கிழிந்தால் வேறு இலை எடுத்துக்கொள்ளலாம்.

தும்மல் வந்தது. அடக்கினேன். கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. சுருள் தீர்ந்து வால் படபடவென்று அடித்தபோதும் நான் விரலை எடுக்கவில்லை. மேடம்தான் வந்து எடுத்துவிட்டார்.

பிறகு சுவிட்சுகளை வைத்தேன். திரையில் ஒரு புள்ளி வந்தது. ஒரே ஒரு புள்ளி. அதற்கு அர்த்தம், எழுந்துவிட்டேன், சொல்லு என்பதாம்.

அடுத்தபடியாகத் தேதி கேட்டது. மேடம் இன்றைய தேதியை அடித்தார். தப்பு என்றது. மறுபடி அடித்தார். மறுபடி தப்பு. மேடம் நாற்காலியில் சாய்ந்து சிரித்துவிட்டார்.

"இத எழுதினவன் ரெண்டாயிரத்தி மூணுக்கு மேல உலகம் இருக்கும்னே நினைக்கல" என்றார். "அதுக்குள்ள இந்தப் பெட்டிய எடைக்குப் போட்டிருப்பாங்கன்னு நெனச்சிருப்பான், பாவம்."

தேதி கொடுக்காமலும் விடாது. கரண்ட் கணக்கு தேதி இல்லாமல் ஓடாது. அதனால் பழைய வருஷம் ஒன்றைச் சொல்லி ஏமாற்ற வேண்டும். ஏதோ ஒரு வருஷத்தைச் சொல்லிவிடவும் முடியாது. இன்று சனி, ஞாயிறு என்று அது நினைத்துக்கொண்டால் சீட்டு அடிக்காது, ஆகவே கிழமை ஒத்துப்போக வேண்டும். மேடம் விரல்விட்டு எண்ணி, தொண்ணூற்றெட்டு என்றார். இந்த வருஷம் பிப்ரவரிக்கு இருபத்தொன்பது நாள். அதனால் பிப்ரவரி முடியும்வரை தொண்ணூற்றெட்டு, மார்ச்சிலிருந்து தொண்ணூற்றொன்பது.

அடித்தார். எடுத்துக்கொண்டது. புள்ளி வந்தது.

பிப்ரவரி 6, வெள்ளி

மேடம் புது சோர்ஸோடு வந்த காகிதத்தைப் பார்த்து, அதன் பலத்தையும் டிசம்பர் தேதியையும் கம்ப்யூட்டரில் அடித்துவிட்டுச் சீட்டு எடுத்தார். டாக்டரம்மா வந்து சீட்டுகளைப் பார்த்தார். பிசிக்ஸ் சார் வந்து சரிபார்த்த பிறகு ஆரம்பிப்பதுதான் வழக்கம். நாகர்கோவிலுக்குப் போன் போட்டார்கள். சாருக்கு எழுந்து உட்காரவே முடியவில்லையாம், அவர் மனைவிதான் பேசினாராம். வராந்தாவில் பெஞ்சு நிறைய ஆட்கள். ஒருவர் கழுத்துத் துண்டை விலக்கி டாக்டரம்மாவிடம் காட்டினார். டாக்டரம்மா குனிந்து அந்தக் கட்டியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, திங்கட்கிழமை ஆரம்பித்துவிடலாம் என்றார்.

ரெஹானா மேடம் சாயங்கால பஸ்ஸுக்குப் போய்விட்டார். இங்கே மின்சாரம் அடிக்கடி போகும். போகும்போதெல்லாம் சுவிட்சு வைத்து எழுப்ப வேண்டும். அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டு, "எனக்கு வேண்டாம்மா, அந்தப் பிள்ளையே செய்யட்டும்" என்றார். மேடம் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

பிப்ரவரி 9, திங்கள்

அம்மாவுக்கு முதல் கரண்ட்.

கதவு சாத்தி சிவப்பு விளக்கு எரிந்தது. நான் சாமியைக் கும்பிட்டு முடிக்கவில்லை, அணைந்துவிட்டது. அம்மா வெளியே வந்து, "இதுக்குத்தானா இத்தன நாளு" என்று கேட்டாள்.

பழைய சோர்ஸ் நாளுக்கு நாள் தேய்ந்து கடைசியில் ஆளுக்கு நாலைந்து நிமிஷம் ஆகுமாம். ஒரு நாள் வரிசை முடிய இருட்டிவிடுமாம். "புது சோர்ஸுலா. பட்டுனு முடியும்" என்றார் அண்ணாச்சி. வரிசை மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. எல்லோருக்கும் சந்தோஷம்.

சீட்டில் 98 என்று விழுகிறது. அண்ணாச்சி ஒவ்வொன்றிலும் பேனாவால் அடித்து 04 என்று எழுதுகிறார்.

பிப்ரவரி 12, வியாழன்

காலையில் சுவிட்சு வைத்தேன். தேதி கேட்டது. 12, பிப்ரவரி, 98.

அந்த வருஷம் நான் ஆறாம் வகுப்பு. பெரிய பள்ளிக்கூடத்துக்கு அப்பா சைக்கிளில் கொண்டுவிடுவார். வழியெல்லாம் வாய்ப்பாடு கேட்பார். அப்போது நான் சத்தமாகச் சொல்வேன்.

கம்ப்யூட்டர் விசிறியின் வலையில் தூசி. தட்டினேன்.

பிப்ரவரி 18, புதன்

இன்று மூன்று தடவை மின்சாரம் போனது. மூன்று தடவை எழுப்பினேன். இப்போது எண்களைப் பார்க்காமலே விரல் போகிறது. வரிசையில் நிற்பவர்கள் எனக்கு வழிவிடுகிறார்கள். ஒருவர் மேடம் என்றார். வேகமாக உள்ளே போய்விட்டேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

ஆவுடையம்மாள் அத்தை இட்லி சாப்பிட்டார், சட்னியோடு. தொண்டைப் புண் ஆறிவிட்டது. கரண்ட் வைக்க வைக்கவே ஆறுகிறது, புது சோர்ஸ் நல்ல சோர்ஸ் என்று எல்லோரிடமும் சொல்கிறார்.

அம்மாவுக்கு மூன்றாவது வாரம். டாக்டரம்மா டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தார். இந்நேரம் சிவந்திருக்க வேண்டும், உனக்கு ஒன்றுமே இல்லையே, கொடுத்து வைத்தவள் என்றார். ஆனால் டார்ச்சை அணைக்காமல் இன்னொரு தடவை பார்த்தார்.

அம்மா ஊறுகாய் வாங்கிவரச் சொன்னாள்.

பிப்ரவரி 28, சனி

திங்கட்கிழமையிலிருந்து 99 என்று அடிக்க வேண்டும். எனக்கு அந்த வருஷம் பிடிக்காது, அப்பா தவறிய வருஷம். கிழமை ஒத்துப்போகும் வேறு வருஷம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தேன். இருக்கிறது, தொண்ணூற்று மூன்று. ஆனால் மேடம் சொன்னது தொண்ணூற்றொன்பது.

மார்ச் 1, திங்கள்

99 என்று அடித்தேன். எடுத்துக்கொண்டது.

சீட்டுகளைக் கிழித்து அடுக்கும் வேலையும் இப்போது என்னுடையதுதான். அம்மாவின் சீட்டில் ஐம்பத்தேழு வினாடி என்று இருந்தது. வெள்ளிக்கிழமை ஐம்பது. ஆவுடையம்மாள் அத்தையின் சீட்டைப் பார்த்தேன். அதுவும் கூடியிருந்தது. எல்லோருக்கும் கூடியிருந்தது. இரண்டு நாளில் யாருக்கும் எதுவும் மாறவில்லை. அதே ஆட்கள், அதே கட்டி, அதே சோர்ஸ்.

மாறியது நான் அடித்த வருஷம் மட்டும்தான்.

அண்ணாச்சியிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, சோர்ஸ் தேயத் தேயக் கூடத்தான் செய்யும் என்றார். வரிசையைக் கூப்பிடப் போய்விட்டார்.

மார்ச் 2, செவ்வாய்

சாப்பாடு இறங்கவில்லை. ஏன் என்று அம்மா கேட்டாள். தலைவலி என்றேன்.

சோர்ஸ் தேயும். எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கம்ப்யூட்டருக்கு யார் சொல்வார்கள்? யாரும் சொல்வதில்லை. அது தேதியைப் பார்த்துத் தானே கணக்குப் போடுகிறது. சோர்ஸ் போட்டது இப்போதுதான், டிசம்பரில். கம்ப்யூட்டரோ இது தொண்ணூற்றொன்பது என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. அப்படியானால் சோர்ஸ் போடவே இன்னும் பல வருஷம் இருக்கிறது. தேயாதது மட்டும் இல்லை, இருப்பதைவிட ரொம்பவே பலமானது என்று நினைக்கும். பலமான சோர்ஸுக்குக் கொஞ்ச நேரம் போதும் என்று சொல்லும்.

நான் படித்தவள் இல்லை. தப்பாக இருக்கலாம். தப்பாக இருந்தால் நல்லது.

மார்ச் 3, புதன்

மத்தியானம் மின்சாரம் போய் வந்தது. அண்ணாச்சி சாப்பிடப் போயிருந்தார். எழுப்பினேன். தேதி கேட்டது. அது ஏற்றுக்கொள்ளும் கடைசி வருஷம் 03. அதை அடித்தேன். அம்மாவின் பேருக்குச் சீட்டுக் கேட்டேன். சீட்டு அடிப்பதால் யாருக்கும் ஒன்றும் ஆகாது, காகிதம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு நிமிடம் முப்பத்தாறு வினாடி.

காலையில் 99 என்று அடித்த சீட்டையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி வந்துவிட்டார்.

"என்னட்டி பண்ணுத?"

நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். இந்த மூன்று வாரமும் எல்லோரையும் உள்ளே படுக்கவைத்தது அவர் கை. பொத்தானை அழுத்தியதும் அவர் கை.

"பெட்டி கோளாறாயிருக்கும்" என்றார். சீட்டுகளை என் கையில் திருப்பித் திணித்து, "டாக்டரம்மாட்ட நான் சொல்லிக்கிடுதேன். நீ யார்ட்டயும் வாயத் தொறக்காத, என்ன" என்றார்.

என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. எல்லோரும் வாயைத் திற என்றுதான் சொல்வார்கள்.

99 என்று மறுபடி அடிக்கச் சொன்னார். அடித்தேன். மீதி இருந்த வரிசை முழுவதற்கும் கரண்ட் வைத்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. நான் அடித்துக் கொடுத்த சீட்டுகளை வாங்கும்போது என் முகத்தையும் பார்க்கவில்லை.

மார்ச் 4, வியாழன்

காலையில் கேட்டேன், சொல்லியாச்சா என்று. பிசிக்ஸ் சார் அடுத்த வாரம் எழுந்துவிடுவாராம், வரட்டும் என்றார்.

நான் பெட்டிக்கு முன்னால் போய் நின்றேன். சுவிட்சு வைக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டேன்.

அண்ணாச்சி முதலில் கெஞ்சினார். பிறகு, நோயாளிங்க காத்துக் கெடக்காவ, அந்தப் பாவம் உனக்குத்தான் என்றார். பிறகு தானே வந்து சுவிட்சுகளில் கை வைத்தார். எந்த எண் என்று தெரியாமல் கையை எடுத்துக்கொண்டார். வரிசையில் சத்தம் கூடியது. இன்று முதல் ஆள் அம்மா. அவளே உள்ளே வந்துவிட்டாள்.

"ஏட்டி, என்னத்த பிடிச்சி வச்சிக்கிட்டு நிக்க? ஆளுவ பூராவும் பாக்காவ. போடு."

நான் போடவில்லை. ஒன்பதாம் வகுப்பில் பாடத்தை வாசிக்கச் சொல்லி நிறுத்தி வைப்பார்கள். மணி அடிக்கும்வரை நிற்பேன். மறுநாளும் நிற்பேன். ஒரு நாள் போகாமல் இருந்துவிட்டேன், அதற்குப் பிறகு போகவே இல்லை. நிற்பது எனக்குப் பழக்கம்தான். ஆனால் அப்போது சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை என்று நினைத்திருந்தேன்.

டாக்டரம்மா வந்தார். ஏன் ஆரம்பிக்கவில்லை என்று அண்ணாச்சியிடம் கேட்டார். அவர் என்னைக் கை காட்டினார். டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். கதவு திறந்து கிடந்தது, வராந்தா முழுவதும் முகங்கள். இடுப்பில் செருகியிருந்த சீட்டுகளை எடுத்தேன்.

"நான் தொண்ணூத்தெட்டுன்னு அடிச்சா அம்மைக்கு அம்பது செகண்டு குடுக்கு" என்றேன். "தொண்ணூத்தொம்பதுன்னு அடிச்சா அம்பத்தேழு. ரெண்டாயிரத்தி மூணுன்னு அடிச்சா இந்தா, இவ்ளோ. இது ரெண்டாயிரத்தி நாலு. யாருக்கும் சரியா கரண்ட் வைக்கல டாக்டரம்மா."

என் குரல் இவ்வளவு கனமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. டாக்டரம்மா சீட்டுகளை வாங்கவில்லை. அம்மாவைத்தான் பார்த்தார். பக்கத்தில் போய் வாயைத் திறக்கச் சொல்லி, அங்கேயே, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார்.

பிறகு நாகர்கோவிலுக்குப் போன் போட்டார். இந்தத் தடவை சார் பேசினார். டாக்டரம்மா இரண்டு வரி சொல்லிவிட்டு ரிசீவரை என்னிடம் கொடுத்துவிட்டார். எனக்குப் போனில் பேசிப் பழக்கமில்லை. சார் மெதுவாக, மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார். தேதி என்ன அடிக்கிறாய் என்று கேட்டார். சொன்னேன்.

"இன்னைக்கு யாருக்காவது வச்சாச்சா?"

"இல்ல சார்."

"வைக்காதீங்க. நான் வாரேன்."

மார்ச் 5, வெள்ளி

கரண்ட் இல்லை. யாரும் எனக்கு வழிவிடவில்லை.

மார்ச் 8, திங்கள்

பிசிக்ஸ் சார் சனிக்கிழமையே காரில் வந்துவிட்டார். பேர் காந்திமதிநாதன். கண்ணெல்லாம் இன்னும் மஞ்சள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். கரண்ட் அறைக்குள் ஏதோ கருவியை வைத்து அளந்து அளந்து பார்த்தார். இன்று எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னார். இந்த மூன்று வாரமும் வைத்தது பாதிக்கும் குறைவு. அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள முடியாது, முதலிலிருந்து மாதிரிதான். விட்டதைப் பிடித்துவிடலாமா என்று ஒருவர் கேட்டார். முயற்சி செய்யலாம், உறுதி சொல்ல மாட்டேன் என்றார் டாக்டரம்மா. ஆவுடையம்மாள் அத்தையின் மகன் எழுந்து நாற்காலியை எட்டி உதைத்தான். யாரும் அவனைத் தடுக்கவில்லை.

சார் வெளியே வந்து என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். "சென்னையிலருந்து வந்த அந்தம்மாவுக்குத் தேதி தெரியும், சோர்ஸ் தெரியாது. ஞானதுரைக்கு சோர்ஸ் தெரியும், கணக்கு தேதியப் பாக்கும்னு தெரியாது. ரெண்டும் தெரிஞ்சவன் காமாலையில கெடந்தேன்" என்றார். எனக்குச் சொன்னது போல இல்லை.

மார்ச் 9, செவ்வாய்

விசாரணைக்கு ஆட்கள் வந்திருந்தார்கள். நோயாளியின் மகள் அனுமதியில்லாமல் கம்ப்யூட்டரில் தவறான தேதியைப் பதிந்துவிட்டாள் என்று எழுதி வைத்திருந்தார்கள். கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அடித்தது நான்தானே என்று பேனாவை வாங்கிவிட்டேன்.

ரெஹானா மேடம் அப்போதுதான் பையோடு உள்ளே வந்தார். காகிதத்தை என் கைக்கு அடியிலிருந்து இழுத்துப் படித்தார். "வருஷத்தைச் சொன்னது நான். இந்தப் பொண்ண உள்ள விட்டது நீங்க. அப்படி எழுதுங்க, நான் போடுறேன் கையெழுத்து" என்றார். முகம் வெளுத்திருந்தது. சாயங்காலம் வரை கம்ப்யூட்டருக்கு முன்னாலேயே இருந்தார். இனி கணக்குக்கு அது தேதியைப் பார்க்காது. சோர்ஸின் பலத்தை சார் வாரா வாரம் அளந்து அடிக்க வேண்டும். எந்த வருஷம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம்.

அண்ணாச்சியை வேறு வேலைக்கு மாற்றிவிட்டார்கள். கம்ப்யூட்டர் அறைக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். நல்லதுதான்.

மார்ச் 10, புதன்

கரண்ட் மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள், அம்மாவுக்கு இனி ஏழு வாரம். அடுத்த வாரம் வீட்டுக்குப் போய்விடலாம் என்று அவள் முன்பே வீட்டுக்காரம்மாவுக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

"இத்தன வருசம் ஊமையா இருந்தவளுக்கு இப்பத்தான் வாயி வந்துட்டோ" என்றாள். நான் கரண்ட் பத்தாமல் இருந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் சொல்லி முடித்தேன்.

மார்ச் 15, திங்கள்

அம்மா என்னிடம் பேசவில்லை. வார்டில் மற்ற எல்லோரிடமும் பேசுகிறாள்.

மார்ச் 19, வெள்ளி

ஆவுடையம்மாள் அத்தையை மகன் மதுரைக்குக் கூட்டிப்போய்விட்டான். போகும்போது அத்தை என் கையைப் பிடித்தார். ஏதோ சொல்ல வந்தார், மகன் கூப்பிட்டுவிட்டான்.

மார்ச் 26, வெள்ளி

மூன்று நாளாக அம்மா வார்டில் யாரிடமும் பேசவில்லை. கோபம் எல்லோர் மேலும் ஆகிவிட்டது என்று நினைத்தேன். இன்று காலையில் தண்ணீர் கொடுத்தபோது ஒரு வாய் குடித்துவிட்டுக் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. பேச முடியாமல்தான் பேசவில்லை.

டாக்டரம்மா வந்து டார்ச் அடித்துப் பார்த்தார். எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டார். அம்மா வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. என்னைக் கை காட்டினாள்.

நான் சொன்னேன். செவ்வாய்க்கிழமை காரம் ஒத்துக்கொள்ளவில்லை, புதன்கிழமை சோறு இறங்கவில்லை, இன்று எச்சில்கூட இறங்கவில்லை, ராத்திரி உட்கார்ந்தேதான் தூங்கினாள். வலது பக்கம் அதிகமா என்றார். ஆமாம், அந்தப் பக்கம் தலையைச் சாய்க்க மாட்டாள் என்றேன். கழுத்துத் தோல் கறுத்திருப்பதையும் காட்டினேன். டாக்டரம்மா எழுதிக்கொண்டே வந்தவர், சட்டென்று நிறுத்தி மறுபடி ஒரு தடவை டார்ச் அடித்தார். நல்லாச் சிவந்திருக்கிறது, கரண்ட் பிடித்திருக்கிறது என்றார். சொன்ன விதம் நல்ல சேதியைச் சொல்வது போல இருந்தது.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் சிரிக்கவில்லை. சிரித்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

கஞ்சி ஆறவைத்திருக்கிறேன். கரண்டி கரண்டியாகத்தான் கொடுக்க வேண்டும், அதற்கு வெகு நேரம் ஆகும். அதுவரை அவளிடம் ஏதாவது பேசிக்கொண்டிருக்க வேண்டும்.